மொன்செராட்: ஈர்வாளின் பெயரால் நிற்கும் மலை

மொன்செராட் என்னும் பெயரைத் தமிழ் வாசகர் வெவ்வேறு இடங்களில் சந்தித்திருக்கக்கூடும். 1995-இல் சீறத் தொடங்கிய எரிமலை தலைநகரான பிளிமத்தையே சாம்பலில் புதைத்துவிட்ட கரிபியத் தீவுக்கு அந்தப் பெயர். ஓபரா பாடகி மொன்செராட் கபாயேயின் (1933–2018) பெயரும் அதுவே. 1580-இல் பத்தேப்பூர் சிக்ரியில் அக்பரின் அவைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார்களில் ஒருவரான அந்தோனி தெ மொன்செராட்டை நம் வரலாற்று நூல்கள் மான்செரேட் என்றும் மான்செராட் என்றும் எழுதுகின்றன. தீவு, பாடகி, பாதிரியார் ஆகிய மூன்று பெயர்களுக்கும் மூலம் ஒன்று. அது ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள காத்தலோனியாவில், பார்செலோனா நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், லியோப்ரெகாத் ஆற்றின் அருகே எழுந்து நிற்கும் ஒரு மலை.

உயரத்தால் அது பெரிய மலை அன்று. அதன் மிக உயர்ந்த முகடான சான் ஜெரோனி, அதாவது புனித எரோணிமுஸ் முகடு, 1,236 மீட்டர் உயரமே உடையது. அதே காத்தலோனியாவின் வட எல்லையில் பிரனீசு மலைகள் அதைப்போல இருமடங்குக்கும் மேலாக உயர்ந்திருக்கின்றன. ஆயினும் காத்தலான் மக்கள் தம் வழிபாட்டோடும் மொழியோடும் சேர்த்து நினைப்பது இந்தச் சிறிய மலையைத்தான். மனைவியை மொன்செராட்டுக்கு அழைத்துச் செல்லாதவன் ஒழுங்காகத் திருமணம் செய்துகொண்டவன் ஆகமாட்டான் என்பது அவர்களிடையே வழங்கும் பழமொழி.

பெயர் இரண்டு கூறுகளால் ஆனது. முதற்கூறான ‘மொன்ட்’, மலையைக் குறிக்கும் ‘மோன்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இன்றைய காத்தலான் பேச்சில் மலைக்குரிய பொதுச்சொல் ‘முன்தான்யா’ ஆகிவிட்டதால், ‘மொன்ட்’ பெரும்பாலும் இடப்பெயர்களுக்குள் ஒடுங்கி வாழ்கிறது. பார்செலோனாவின் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் மொன்ஜுயிக் குன்றின் பெயர், யூதர் மலை என்று பொருள்படுவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இந்த முதற்கூறில் சிக்கல் ஏதும் இல்லை. ஆராய வேண்டியது ‘செர்ராத்’ என்னும் பின்கூறு.

இலத்தீனில் ‘செர்ரா’ என்பது மரம் அறுக்கும் ரம்பம். அதிலிருந்து பிறந்த ‘செர்ராதுஸ்’ என்னும் அடைச்சொல் ரம்பத்தின் பற்கள் போன்ற விளிம்புடைய எதையும் குறித்தது. விளிம்பில் வெட்டுகள் இட்டு அடிக்கப்பட்ட ஒருவகை வெள்ளி நாணயங்களை உரோமானியர் இச்சொல்லாலேயே அழைத்தனர். காத்தலான் மொழியில் இந்தக் குடும்பம் இன்றும் தச்சுப் பட்டறையில் உயிரோடு இருக்கிறது: ‘செர்ரா’ ரம்பம், ‘செர்ரார்’ அறுத்தல், ‘செர்ராதுரெஸ்’ அறுக்கும்போது உதிரும் மரத்தூள். அதே ‘செர்ரா’ மலைத்தொடரையும் குறிக்கும். ஸ்பானிய மொழியில் இது ‘சியர்ரா’ ஆகும். பனி படர்ந்த சியரா நெவாடாவிலும், போர்த்துக்கேயர் சிங்கமலை என்று பெயரிட்ட சியரா லியோனிலும் முன்னிற்பது இந்த ரம்பமே. ஐபீரிய நாட்டு மக்கள் தொடுவானில் மலைகளைக் கண்டபோது கருவியின் பற்களை நினைத்தார்கள். தமிழர் அதே காட்சியைத் ‘தொடர்’ என்றார்கள், ‘அடுக்கம்’ என்றார்கள். தனி உச்சியைக் கண்டபோது யானையின் தந்தத்துக்கும் விலங்கின் கொம்புக்கும் உரிய சொல்லாகிய ‘கோடு’ என்பதை அதற்கு வழங்கினார்கள். திருச்செங்கோட்டில் இருப்பது அந்தக் கோடு. எந்தப் பொருளை எந்தப் பொருளாகக் கண்டார்கள் என்பது மொழிக்கு மொழி வேறுபடுவதால்தான் இடப்பெயர்களை மொழிபெயர்ப்பது கடினமாகிறது.

‘செர்ராத்’ என்பதை இரண்டு வகையாகப் படிக்கலாம். பழைய இலத்தீன் அடைச்சொல்லாகக் கொண்டால் அது வடிவத்தைச் சொல்கிறது: ரம்பப்பல் போன்ற விளிம்புடைய மலை. காத்தலான் இலக்கணப்படி ‘செர்ரார்’ என்னும் வினையின் இறந்தகால எச்சமாகக் கொண்டால் அது செயலைச் சொல்கிறது: அறுக்கப்பட்ட மலை. சொற்பிறப்பியலாளருக்கு முதற்பொருளே போதுமானது. ஆனால் அந்த மலையோடு வாழ்ந்த மக்கள் தம் கதைகளுக்கும் பாடல்களுக்கும் எடுத்துக்கொண்டது இரண்டாவது பொருளை. தமிழில் நிகர்ச்சொல் தேடும்போது இந்த வேறுபாட்டைத் தவறவிடலாகாது என்பது என் கருத்து.

தொலைவிலிருந்து பார்த்தால் முதற்பொருள் தானாக விளங்கிவிடும். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ரம்பத்தைப் பல் மேலாகத் திருப்பி நிறுத்தியதுபோல அந்த மலை வரிசையாக வானைக் குத்துகிறது. அருகே சென்றால் அந்தப் பற்கள் கூர்மையானவை அல்ல என்பது தெரியும். அவை வழவழப்பான, உருண்டு திரண்ட விரல்களைப் போன்றவை. இந்தத் தோற்றத்துக்குக் காரணம் பாறையின் இயல்பு. இன்று நிலமாக உள்ள அப்பகுதியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அதில் விழுந்த ஆறுகள் தம் கழிமுகத்தில் கூழாங்கற்களையும் மணலையும் கொண்டுவந்து குவித்தன. சுண்ணாம்புப் பசை அவற்றைக் காரைபோல இறுக்கி ஒரே பாறையாக்கியது. பின்னர் நிலம் உயர்ந்தபோது அந்தத் திரளில் செங்குத்தான வெடிப்புகள் விழுந்தன. மழைநீரும் உறைபனியும் காற்றும் வெடிப்புகளின் வழியே இறங்கி அவற்றை அகலப்படுத்த, இடையே எஞ்சியவை தூண்களாக நின்றன. மேலிருந்து கீழாக இழுத்து அறுத்ததுபோல அவை பிரிந்து நிற்பதால், இரண்டாவது பொருளும் கண்ணுக்கு மெய்யாகவே படுகிறது. அந்தத் தூண்களைக் காத்தலான் மக்கள் ஊசிகள் என்று அழைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் யானை, மம்மி, மந்திரத்தால் கல்லான துறவிகள் என்று தனிப்பெயரும் வைத்திருக்கிறார்கள். அவற்றுள் புகழ்பெற்ற ‘கவால் பெர்னாத்’ என்னும் தூணின் உச்சியை 1935-இல்தான் முதன்முறையாக மனிதர் எட்டினர்.

அறுத்தது யார் என்ற கேள்விக்கு மக்கள் தந்த விடை அழகானது. சம்மனசுகள், அதாவது வானதூதர்கள், பொன்னாலான ரம்பத்தைக் கொண்டு இந்தக் குன்றுகளை அறுத்து, கன்னி மரியாளுக்கு அரண்மனை அமைத்தார்கள் என்பது அது. கவிஞர் ஜாசிந்த் வெர்தகேர் எழுதி ஜோசெப் ரொதொரேதா இசையமைத்த ‘விரொலாய்’ என்னும் பாடல் 1880-இல் இதையே பாடியது. இன்றுவரை மொன்செராட் மடாலயத்தில் சிறுவர் பாடகர் குழு அதைப் பாடிவருகிறது. அப்பாடலில் சம்மனசுகளைக் குறிக்கும் சொல் சிறுமைப் பொருள் விகுதி பெற்று வருவதால், குட்டிச் சம்மனசுகள் என்று சொல்வதே அதற்குப் பொருந்தும். மடாலயத்தின் சின்னத்திலும் மலையும் ரம்பமும் சேர்ந்தே இருக்கின்றன. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் காத்தலான் மொழி பள்ளியிலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் விலக்கப்பட்டிருந்த காலத்தில், 1959-இல், மடாலயத்தின் ஆதரவில் அம்மொழியிலேயே ஓர் இதழ் தொடங்கப்பட்டது. அதன் பெயர் ‘செர்ரா தோர்’, அதாவது பொன் ரம்பம். ஓர் இடப்பெயருக்கு மக்கள் கட்டிய விளக்கம் காலம் கடந்து ஒரு மொழியின் உரிமைக்குக் கொடியாக நின்றதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மலையின் பெயர் மலையோடு நில்லாமல் அங்கே வீற்றிருக்கும் மாதாவின் பெயராகவும் ஆனது. 1025-ஆம் ஆண்டளவில் ஒலிபா என்னும் மடாதிபதி அங்கே புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபையின் மடாலயத்தை நிறுவினார். அங்கு வணங்கப்படும் மரச்சிற்பம் 12-ஆம் நூற்றாண்டினது. மாதாவும் மடியிலுள்ள குழந்தையும் கருநிறத்தவர்கள். மாதா தம் வலக்கையில் ஏந்திய உருண்டையைத் தொட்டு வணங்கத் திருப்பயணிகள் வரிசையில் காத்திருப்பார்கள். மக்கள் அவரை ‘மொரெனேதா’ என்று அழைக்கிறார்கள். கருநிறத்தவளைக் குறிக்கும் சொல்லோடு அன்பு விகுதி சேர்ந்து உருவான இப்பெயருக்குத் தமிழில் ‘கறுப்பி’ என்று வீட்டில் பிள்ளையைக் கூப்பிடும் குரலே நிகர். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1881-இல் இந்த மாதாவைக் காத்தலோனியாவின் பாதுகாவலியாக அறிவித்தார். 1970 டிசம்பரில், பாஸ்க் போராளிகள்மீது பூர்கோஸ் நகரில் நடந்த இராணுவ வழக்கை எதிர்த்துச் சுமார் 300 எழுத்தாளர்களும் கலைஞர்களும் இந்த மடாலயத்துக்குள் அமர்ந்து போராடினார்கள் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

கடல் கடந்து போன பெயர் மாதாவின் பெயரே. 1493 நவம்பரில் தம் இரண்டாம் பயணத்தில் கொலம்பஸ் கரிபியத் தீவொன்றுக்குச் சாந்தா மரியா தெ மொன்செராத்தே என்று பெயரிட்டார். அப்பயணத்தில் உடன்சென்ற பெர்னாத் போயில் என்னும் பாதிரியார் முன்பு மொன்செராட் மலையில் தனித்துறவியாக வாழ்ந்தவர். காலப்போக்கில் மாதாவின் பெயர் உதிர்ந்து மலையின் பெயர் மட்டும் தீவில் தங்கிவிட்டது. ஆகவே அந்தத் தீவின் பெயருக்கு ரம்பம் போன்ற தீவு என்று விளக்கம் சொல்வது முறையாகாது. கொலம்பியாவின் பொகோதா நகருக்கு மேலே 3,100 மீட்டருக்கும் அதிக உயரத்தில் நிற்கும் மொன்செராத்தே குன்றுக்கும் இது பொருந்தும். அண்ணாமலை என்று நம்மவர் பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோலக் காத்தலான் பெற்றோர் பெண்குழந்தைக்கு மொன்செராட் என்று பெயரிடுகிறார்கள். வீட்டில் அது மொன்செ எனச் சுருங்கும். மாதாவை நினைத்து இடும் பெயர் என்பதால் இது பெண்பாற்பெயர் ஆயிற்று.

இனித் தமிழ் நிகர்ச்சொல். முதலில் மனத்தில் எழுவது ‘வாள்மலை’. வாள் என்பதற்கு மரம் அறுக்கும் கருவி என்ற பொருளும் தமிழில் உறுதியாக உண்டு. மரம் அறுக்கும் இடத்தை வாள்பட்டறை என்று சொல்லும் ஊர்களில் இதற்கு விளக்கமே தேவைப்படாது. ஆனால் பொது வாசகர் போர்வாளையே நினைப்பார். இந்த மலையைப் பொறுத்தவரை அந்தத் தடுமாற்றம் மேலும் ஆபத்தானது. ஏனெனில் 1522-இல், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் படைவீரர் வாழ்வைத் துறந்து தம் போர்வாளை மாதாவின் பீடத்தில் வைத்துவிட்டுப் போனது இங்கேதான். அந்த நிகழ்ச்சியால் வந்த பெயர் என்று வாசகர் நம்பிவிடக்கூடும். ‘ரம்பமலை’ தெளிவானது, எல்லாருக்கும் விளங்குவது; எனினும் அது வடிவத்தோடு நின்றுவிடுகிறது. ‘அரமலை’ என்றும் சொல்லிப் பார்க்கலாம். சங்கை அறுத்துச் செய்த வளையலைச் சங்கப் பாடல் ‘அரம்போழ் அவ்வளை’ என்று சொல்வதால் அரத்துக்கு அறுக்கும் தொழில் பழையதே. ஆனால் இன்றைய தமிழில் அரம் தேய்க்கும் கருவியாகிவிட்டது.

செயலைச் சொல்லும் சொற்களில் ‘அறுமலை’ உதவாது. அது ஆறு மலைகள் என்று ஒலிக்கும். ‘ஈர்’ என்னும் வினை, வாளால் அறுத்தலுக்கே உரியது. ரம்பத்தைக் குறிக்கும் ஈர்வாள் என்னும் சொல்லில் இருப்பது அதுதான். அதைக் கொண்டு ‘ஈர்மலை’ என வினைத்தொகையாக்கலாம். இரண்டு மலை என்ற குழப்பம் இதில் எழாது. எண்ணுப்பெயர் உயிரெழுத்தின் முன் ஈர் என்றும் மெய்யின் முன் இரு என்றும் வருவது வழக்கமாதலால், இரண்டு மலை இருமலை ஆகுமே தவிர ஈர்மலை ஆகாது. ஆனால் ஈரத்தைக் குறிக்கும் ஈர் இலக்கியத்தில் பயின்று வருவதால், குளிர்ந்த மலை என்று ஒருவர் பொருள்கொள்ள இடம் இருக்கிறது.

ஆகவே ‘ஈர்ந்த மலை’ என்பதையே நான் முன்வைக்கிறேன். சுட்ட அப்பளம் என்னும்போது அப்பளம் சுடப்பட்டது என்று விளங்குவதுபோல, ஈர்ந்த மலை என்னும்போது மலை அறுக்கப்பட்டது என்று விளங்கும். அறுத்தது யார் என்பதைப் பெயரெச்சம் சொல்வதில்லை. ‘செர்ராத்’ என்பதும் சொல்வதில்லை. நிலவியலாளர் அந்த இடத்தில் மழைநீரையும் காற்றையும் வைக்கலாம், பாடுகிறவர் சம்மனசுகளை வைக்கலாம்.

எழுத்துப்பெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘மான்ட்செராட்’ என்று இடையில் டகர மெய் இட்டு எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுவது. காத்தலான் பேச்சில் அந்த ஒலி இல்லை. பார்செலோனா வட்டாரத்தார் முதல் உயிரை உகரமாக்கி ஏறத்தாழ ‘முன்ஸராத்’ என்கிறார்கள், மேற்கு வட்டாரத்தார் ஒகரத்தை அப்படியே ஒலிக்கிறார்கள். தமிழில் ஏற்கனவே பரவியுள்ள ‘மொன்செராட்’ என்னும் வடிவம் மூலத்துக்கு அருகில் இருப்பதால் அதையே எல்லா இடத்திலும் ஒருசீராக எழுதலாம். மலையைப் பற்றிய கட்டுரையில் முதன்முறை வரும்போது மட்டும் ‘ஈர்ந்த மலை எனப் பொருள்படும் மொன்செராட்’ என்று குறித்துவிட்டு, பின்னர் மொன்செராட் என்றே தொடரலாம். தீவுக்கும் பாடகிக்கும் அக்பரின் அவைக்கு வந்த பாதிரியாருக்கும் இந்தப் பொருளை ஏற்றாமல் பெயரை மட்டும் எழுதினால் போதும்.