ரன்னிங் பேக்கின் முட்டியும் தோற்கிற அணியும்

நியூஜெர்சியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். செப்டம்பர் பிறந்துவிட்டால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் பள்ளி ஃபுட்பால் பையன்கள்தான். நம் ஊர்க் கால்பந்து இல்லை, நீள்முட்டைப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். பந்தோடு கூட்டத்துக்குள் புகுகிறவன் ரன்னிங் பேக். அவனுக்கு வழி திறந்துவிடுகிறவர்கள் முன்னால் நிற்கும் ஐந்து தடியர்கள், லைன்மேன்கள். அவர்கள் பெயரை யாரும் சட்டையில் போட்டுக்கொண்டு திரிவதில்லை.

போன சீசனில் ஒரு தமிழ்ப் பையன் வந்தான், பதினொன்றாம் வகுப்பு. கோச் புதிது, அணியையே அடியிலிருந்து கட்டுகிறார்கள். ஒரே ஆட்டத்தில் 28 முறை பந்து இவன் கைக்குப் போயிருக்கிறது. "இவன் இல்லாட்டி டீமே இல்லைங்க" என்றார் அப்பா, பெருமையாகத்தான்.

இந்தப் பேச்சு எனக்குப் பழக்கமானது. 2018 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி இரண்டாவது ஆளாக சாக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக்கை எடுத்தபோது இங்கே எல்லோரும் இப்படித்தான் பேசினார்கள். முதல் வருடமே ஓடியும் பந்தைப் பிடித்தும் 2,028 யார்டு. ஆனால் அணி 16 ஆட்டத்தில் ஜெயித்தது 5. அதே டிராஃப்டில் நான்கு இடம் தள்ளி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்தது குவென்டன் நெல்சன் என்ற லைன்மேனை. முந்தின வருடம் 4 ஆட்டம் ஜெயித்த அணி அந்த வருடம் 10 ஜெயித்தது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் காயம் ஆறித் திரும்பியதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் லைன்மேன்கள் காவலில் லக் எதிரணியிடம் பந்தோடு மாட்டிக்கொண்டது சீசன் முழுக்க 18 தடவைதான்.

2020 செப்டம்பரில் சிகாகோவில் பார்க்லியின் வலது முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கிற ஏ.சி.எல். என்ற நார் கிழிந்தது. அதை லைன்மேன்கள் தலையில் கட்ட மாட்டேன், நல்ல லைனுக்குப் பின்னாலும் கிழியும். ஆனால் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். வழி திறந்திருந்தால் ஓடுகிறவன் வேகமெடுத்து, அடி எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து உடம்பை இறுக்கிக்கொள்வான். வழி இல்லையென்றால் சடாரென்று நின்று, காலை ஊன்றித் திரும்புவான். ஊன்றின கால் அசையாது, மேலே உடம்பு சுழலும். நடுவில் மாட்டுவது முட்டி. மோசமான அணியில் இது ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து முறை நடக்கும்.

அப்புறம் காலக்கணக்கு. முதல் ரவுண்டில் எடுத்தவனுக்கு ஒப்பந்தம் நான்கு வருடம். அணி விரும்பினால் ஐந்தாவது. லைனையும் குவார்ட்டர்பேக்கையும் தேடிப் பிடிக்கவே மூன்று வருடம் ஓடிவிடும். ரன்னிங் பேக் என்ற கூரையை முதலில் வாங்கி வைத்துவிட்டுச் சுவருக்குச் செங்கல் தேடுகிற வேலைதான் இது. டல்லஸ் கவ்பாய்ஸ் 1989இல் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். நட்சத்திர ரன்னிங் பேக் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா அணிக்குக் கொடுத்து டிராஃப்ட் வாய்ப்புகளாக அள்ளினார்கள். அந்த வருடம் ஜெயித்தது ஒரே ஆட்டம். 90களில் மூன்று சூப்பர் பவுல், அதாவது லீக்கின் கடைசிப் பட்டம்.

நட்சத்திரமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. 2022இல் ஜயன்ட்ஸ் பிளேஆஃப் போனதில் பார்க்லிக்குப் பெரிய பங்கு. 2024இல் அவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனார். அங்கே லேன் ஜான்சன், ஜோர்டன் மைலாட்டா என்று மலை மாதிரி ஒரு லைன் தயாராக நின்றது. 2,005 யார்டு ஓடினார், சூப்பர் பவுலும் கிடைத்தது. சுவர் எழும்பிய பிறகு கூரை போட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, பையனுக்கு வருவோம். திங்கட்கிழமை காலை, முட்டி லேசாக வீங்கியிருந்தது. டேப் வைத்து அளந்தேன். வலது தொடை இடதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் இளைத்திருந்தது. ஒரு வாரத்தில் இப்படி இளைக்காது.

"எத்தனை நாளா வலி?"

அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான், "நாலஞ்சு வாரமா இருக்கு அங்கிள்."

பிள்ளை ரன்னிங் பேக் ஆடினால் கோச்சிடம் யார்டைக் கேட்காதீர்கள். ஆட்டத்திலும் பயிற்சியிலும் எத்தனை முறை பந்து கொடுக்கிறார் என்று கேளுங்கள். மறுநாள் காலை முட்டி வீங்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஏ.சி.எல். ஆபரேஷன் ஆகியிருந்தால் ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டம் வேண்டாம். அதன்பிறகும், அடிபட்ட காலின் பலம் மற்றதில் தொண்ணூறு சதவீதமாவது வந்ததா என்று அளந்துவிட்டுத்தான்.

மூன்று வாரம் ஓய்வு, அப்புறம் தொடைக்குப் பயிற்சி. அப்பா பார்க்கிங்கில் நின்றபடியே கோச்சுக்குப் போன் செய்தார். பையன் திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை 12 முறைதான் பந்து வாங்கினான். அணி தோற்றது. அதற்கு முன்பும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.