தயமின் ஹைட்ரோகுளோரைடு: சொல் விளக்கம்

உயிர்ச்சத்து பி1, உப்பு வடிவில் கிடைக்கும்போது பெறும் பெயர் இது. வேலூர் வட்டாரக் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வகத்தில், வெளிச்சம் படாத பழுப்புப் புட்டியில் இருக்கும் வெள்ளைத் தூள். மூடியைத் திறந்தால் ஈஸ்ட் வாடை மெல்ல வீசும்.

கிரேக்கத்தில் 'தெயோன்' என்றால் கந்தகம். மூலக்கூறில் ஒரு கந்தக அணு இருப்பதால் அச்சொல்லும், 'வைட்டமின்' என்பதன் வாலும் சேர்ந்து தயமின் ஆயின. பெயர் சூட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், 1936இல் இதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர். 1886இல் நம் வட ஆர்க்காட்டுக்கு வடக்கே உள்ள நெல்லூரில் பிறந்தவர். அவர் தயாரித்துக் காட்டியதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1926இல், டச்சு வேதியியலாளர்கள் யான்சன், டோனாத் இருவரும் ஜாவாவில் அரிசித் தவிட்டிலிருந்து இதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். தவிடு போகத் தீட்டிய பச்சரிசியையே உண்டு வாழ்ந்தவர்களைப் பெரிபெரி என்னும் நரம்பு, இதய நோய் வாட்டியது இந்தச் சத்து இல்லாததால்தான். ஆரணி ஆலைகளில் நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசியின் பெருமை அது.

ஆய்வகத்தில் இதற்கு வேறு வேலை. வாதுமை மணமுள்ள நீர்மமான பென்சால்டிஹைடின் இரண்டு மூலக்கூறுகளை இணைத்துப் பென்சாயின் என்ற சேர்மத்தைத் தயாரிக்க ஒரு காலத்தில் கொடிய நஞ்சான சயனைடுதான் வினையூக்கி. அந்த இடத்தில் இன்று மாணவர்கள் தயமினை வைக்கிறார்கள். உயிரைக் குடிக்கும் பொருளின் வேலையை உயிர்ச்சத்து ஏற்றுக்கொண்டது வேதியியலின் அழகுகளில் ஒன்று என்பேன். தூளை நீரில் கரைத்து, எத்தனால் சேர்த்து, பனிக்கட்டியில் அமிழ்த்தி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காரமும் சூடும் சேர்ந்தால் தயமின் சிதைந்துவிடும். ஆகவே வெப்பநிலை 20 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது. வேலூரின் மே மாத வெயிலில் இது எளிதன்று. பனிக்கட்டி உருக உருகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு பென்சால்டிஹைடைச் சேர்த்து ஓரிரு நாள் அசைக்காமல் வைத்தால் பென்சாயின் வெண்படிகமாக இறங்கும். சமையல் சோடாவும் காரத்தன்மை உடையது; பருப்பு வேக அதைப் போடக் கூடாது என்பதற்கும் காரணம் தயமினின் இதே சிதைவுதான்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'வைட்டமின்' என்ற சொல்லில் பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது. 1912இல் காசிமிர் ஃபங்க் இவ்வகைச் சத்துகள் எல்லாமே அமின்கள் (நைட்ரஜன் கொண்ட ஒருவகைக் கரிமச் சேர்மங்கள்) என்று எண்ணி, உயிரைக் குறிக்கும் லத்தீன் சொல்லுடன் 'அமின்' சேர்த்தார். பல சத்துகள் அமின்களே அல்ல. நம் 'உயிர்ச்சத்து' அந்தப் பிழையைச் சுமக்கவில்லை. ஆகவே பொதுமக்களுக்கு எழுதும்போது 'உயிர்ச்சத்து பி1' என்பதே சரி.

புட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் அது மட்டும் போதாது. ஹைட்ரோகுளோரைடு உப்பின் மூலக்கூறு எடை 337.27. அதில் உயிர்ச்சத்தின் பங்கு சுமார் 79 விழுக்காடு; மீதி, குளோரைடும் அமிலமும். நைட்ரேட் உப்பாக இருந்தால் கணக்கு மாறும். ஆகவே ஆய்வகச் சீட்டில் 'தயமின் ஹைட்ரோகுளோரைடு (உயிர்ச்சத்து பி1)' என்று உப்பின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.