வெப்பக்காப்புத் தொழில்நுட்ப உரிமம்: கையெழுத்திடும் முன்

தொழிற்சாலைக் குழாய்களுக்கும் சேமிப்புத் தொட்டிகளுக்குமான உயர்வகை வெப்பக்காப்பைத் தயாரிக்கும் உரிமம் பெற விரும்பி என்னிடம் ஆலோசனைக்கு வருவோர், பெரும்பாலும் வெப்பக் கடத்துதிறன் என்ற ஒரே எண்ணை நம்பித்தான் வருகிறார்கள்; அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல காப்பு. நுண்துளைகளில் காற்று நிறைந்த மிக இலேசான திடப்பொருளான ஏரோஜெல்லால் ஆன போர்வையில் அது மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.02 வாட், அசையாத காற்றுக்கே சுமார் 0.026 என்பதால் மயக்கம் வருவது இயல்புதான். ஆனால், அறை வெப்பநிலையில் தட்டையான மாதிரியில் எடுத்த அளவு, 300 டிகிரி செல்சியஸில் நீராவி ஓடும் குழாய்க்குப் பொருந்தாது. வெப்பநிலை ஏற ஏறக் கடத்துதிறனும் ஏறும். ஆகவே ஐஎஸ்ஓ 8497 அல்லது ஏஎஸ்டிஎம் சி335 என்ற சோதனைத் தரமுறைப்படி, குழாயின் மீதே பல வெப்பநிலைகளில் செய்த சோதனையின் அறிக்கையை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்வேன்.

அடுத்து, எதற்காக ராயல்டி கொடுக்கிறோம் என்ற கேள்வி. ஏரோஜெல்லை முதலில் உருவாக்கிய அமெரிக்க வேதியியலாளர் கிஸ்ட்லர் அதைப் பற்றி 1931இலேயே எழுதிவிட்டார். காப்புரிமையோ, பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அதுவும் வழங்கப்பட்ட நாடுகளில் மட்டுமே செல்லும். உண்மையில் நாம் விலை கொடுத்து வாங்குவது, ஈர ஜெல்லின் நுண்துளைகள் சுருங்கிவிடாமல் உலர்த்தும் கைப்பக்குவத்தை. கரியமில வாயுவை 31 டிகிரி வெப்பத்துக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே வைத்து உலர்த்தும் கலனின் வரைபடம் கிடைத்துவிடும். எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் அழுத்தத்தை இறக்குவது என்பதை வரைபடம் சொல்லாது. அதனால், நம் ஆலையில் தயாரான தொகுதிகள் தொடர்ந்து தரத்துக்குள் வந்த பிறகே முதல் தவணை என்று எழுதிக்கொள்வது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது நீர்தான். காப்புக்குள் ஈரம் புகுந்தால் கார்பன் எஃகு ஏறக்குறைய 175 டிகிரி வரையிலும் மறைவாகவே அரிக்கப்படும். குளோரைடும் சேர்ந்தால் 60 டிகிரிக்கு மேல் துருப்பிடிக்காத எஃகிலும் விரிசல் விழலாம். நீரை விலக்கும் பூச்சு சூட்டில் எரிந்துபோகக்கூடும் என்பதால், நீர் உறிஞ்சும் அளவைச் சூடேற்றிய மாதிரியிலும் அளந்து காட்டச் சொல்ல வேண்டும். நான் பரிசீலித்த ஒரு வரைவில், பொருளின் குறைக்கு உரிமம் வழங்குபவரும் பொருத்தும் பிழைக்கு உரிமம் பெறுபவரும் பொறுப்பு என்றிருந்தது. உலோக மேலுறையின் மூட்டு வழியாக நீர் இறங்கிக் குழாய் அரித்தால் அது எந்தக் கணக்கில் சேரும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கியது.