உதடு வீங்கியது கண்ணேறா?

பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "முப்பது வருடமாக ஹொக்கியன் மீ (இறால் சூப்பில் போட்ட நூடுல்ஸ்) சாப்பிடுகிறேன். போன மாதம் இரண்டு வாய் வைத்ததுமே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கண்பட்டுவிட்டது என்கிறார் மாமியார். என்னதான் நடந்தது?"

கண்ணேறு அல்ல, இறால் ஒவ்வாமையாகத்தான் இருக்க வேண்டும். கிருமி நுழைந்தால் வெள்ளை அணுக்கள் அதற்கென்றே எதிர்ப்புரதம் செய்து அழிக்கும். இது பள்ளியில் படித்ததுதான். அந்த எதிர்ப்புரதங்களில் ஐஜிஇ என்று ஒரு வகை. குடற்புழுக்களை எதிர்க்க உதவுவது. இறால் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்தை உடல் எதிரியென்று முடிவுகட்டிவிட்டால், அதற்கும் ஐஜிஇ தயாராகும். எந்த வயதிலும் இது நேரலாம். அப்போது வெளியே ஒன்றும் தெரியாது.

தோலுக்கடியிலும் குடல், மூச்சுக்குழாய்ச் சுவர்களிலும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் பொட்டலம் பொட்டலமாக இருக்கும். கவட்டைக் குச்சி போன்ற ஐஜிஇக்கள் அச்செல்லின் மேல் காலூன்றி, இரு கைகளையும் நீட்டியபடி வாரக்கணக்கில் காத்து நிற்கும். ஒரே ஒரு ஐஜிஇ இறால் புரதத்தைப் பிடித்தால் செல் அசையாது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு, ஒரே புரதத்தை ஆளுக்கொரு புறம் பற்றி நெருங்க வேண்டும். எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தெவிட்டாத இடம் இது. அந்தப் பாலம் அமைந்த சில நிமிடங்களில் பொட்டலங்கள் திறந்து ஹிஸ்டமின் கொட்டுகிறது. ரத்தக்குழாய்கள் கசிய, உதடு வீங்குகிறது. நரம்பு தூண்டப்பட, அரிக்கிறது.

1921இல் ஜெர்மானிய மருத்துவர் ப்ரவுஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாத தம் சகா குஸ்ட்னரின் சீரத்தை (எதிர்ப்புரதங்கள் கலந்த ரத்தத் தெளிநீரை) தம் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியதும் தடித்தது. கண்ணேறு ஊசி வழியே ஆள் மாறுமா?

பாட்டிமார் இறாலையும் கருவாட்டையும், கரப்பான் என்ற தோல்நோயைக் கிளப்பும் 'கரப்பான் பண்டம்' என்று ஒதுக்குவார்கள். கரப்பான்பூச்சியிலும் மெத்தைத் தூசியில் வாழும் உண்ணியிலும் ஏறக்குறைய இதே ட்ரோபோமயோசின்தான். பினாங்கின் ஈரக்காற்று அந்த உண்ணிக்குக் கொண்டாட்டம். அதைச் சுவாசித்தே சிலரின் உடல் இறாலையும் பகைக்கத் தொடங்குகிறது.

கொதிக்கவைத்தாலும் இந்தப் புரதம் சிதையாது. இறாலை ஒதுக்கிவிட்டுச் சூப்பைக் குடிப்பதும் ஆபத்துதான். அது இறால் தலையும் ஓடும் கொதித்த சாறு. சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். மூச்சு முட்டினால் தேவை அட்ரினலின் ஊசி. அந்த நேரத்தில் வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றிக்கொண்டிருப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இப்போதே ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். முன்கையில் இறால்சாறு ஒரு சொட்டு வைத்து, ஊசிமுனையால் லேசாகக் குத்துவார். கால் மணி நேரத்தில் அங்கே கொசுக்கடி போல எழும்பினால், உங்கள் மாஸ்ட் செல்கள் திறந்துகொண்டதை நீங்களே கண்ணால் பார்க்கிறீர்கள்.