மண்ணுக்குள் புதைத்த காதுகள்

"ஒருவரையொருவர் துளியும் நம்பாத இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போட்டு என்ன பயன்? மறுநாளே மீறிவிட மாட்டார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்குப் பதில் தேடி, 1967 போரில் எகிப்திடமிருந்து இஸ்ரேல் பிடித்துவைத்திருந்த சினாய் பாலைவனத்துக்குப் போவோம்.

1973 அக்டோபர் 6 அன்று எகிப்துப் படை சூயஸ் கால்வாயைத் தாண்டித் தாக்கியபோது இஸ்ரேல் அதை எதிர்பார்க்கவே இல்லை. அப்புறம் போர்நிறுத்தம், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சரின் ஓயாத விமானப் பயணங்கள், 1975 செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம். அதன்படி மித்லா, கித்தி என்ற இரு கணவாய்களை விட்டு இஸ்ரேல் பின்வாங்க வேண்டும். நடுவில் ஐ.நா. படை நிற்கும். ஆனால் டாங்கிகள் மலையைக் கடந்து கிழக்கே போக முக்கியமான வழியே அந்தக் கணவாய்கள்தான். இரவோடு இரவாக எதிரி உள்ளே வந்துவிட்டால்? அந்தப் பயம் தீராமல் இஸ்ரேல் நகர்வதாக இல்லை.

அமெரிக்கா சொன்ன வழி: சுமார் இருநூறு பேர், எல்லாரும் சிவிலியன்கள், கணவாய்களைக் காவல் காப்பார்கள். 1976 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. இருநூறு பேர் பாலைவனத்தை எப்படிக் கண்காணிப்பது? மண்ணையே கேட்க வைத்தார்கள்.

தெருவில் லாரி போனால் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும் இல்லையா? அந்த அதிர்வைப் பிடிப்பதுதான் ஜியோஃபோன். உள்ளே இருப்பது ஒரு காந்தமும், ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு கம்பிச்சுருளும். காந்தம் பெட்டியோடு ஒட்டியிருப்பதால் தரை அசைந்தால் அதுவும் அசையும். சுருளோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். காந்தம் சுருளைக் கடந்து ஆடினால் மின்சாரம் பிறக்கும். பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான். காந்தத்தை ஆட்டுவது பூமி என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். மனிதன் நடந்தால் தட், தட் என்று விட்டுவிட்டு வரும். வண்டி வந்தால் விடாத முனகல்.

அதிர்வு வந்தது என்பதற்காகவே அலாரம் அடிக்க முடியாது. போகிற ஒட்டகமும் மண்ணை அதிர வைக்குமே. அதனால் ஜியோஃபோன் உசுப்பிய பிறகு பக்கத்தில் இருக்கும் ஒலிவாங்கி விழித்துக்கொண்டு இன்ஜின் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும். பாதையில் புதைத்த கேபிள் எடை அழுத்துவதை உணரும். அகச்சிவப்புக் கருவி கடந்துபோகும் சூட்டைக் கவனிக்கும். கடைசியில் காவல் நிலையத்தில் ஒரு மனிதர் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்.

அந்தச் செய்தி இஸ்ரேலுக்கும் போகும், எகிப்துக்கும் போகும், ஐ.நா.வுக்கும் போகும். ராஜதந்திரத்தின் சூட்சுமம் இங்கேதான். எதிரியை நம்ப வேண்டியதில்லை, கருவியை நம்பினால் போதும். எதிராளி அசைந்தால் உடனே தெரியும் என்றானபின், பயந்துபோய் முந்திக்கொண்டு சுட வேண்டிய அவசியம் குறைகிறது. பதிவான மீறல்கள் பெரும்பாலும் சில்லறை விஷயங்களே.

இதே வகைக் கருவிகளை வியட்நாம் போரில் லாரிகளைக் கண்டுபிடித்துக் குண்டு வீசுவதற்காகத்தான் அமெரிக்க ராணுவம் பயன்படுத்தியது. ஏவுகணை ஆராய்ச்சிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது இப்படிச் சரிபார்க்கும் கருவிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம்.

1979-இல் இரு நாடுகளும் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டே கணவாய்கள் எகிப்திடம் திரும்பின, சென்சார்களுக்கும் வேலை முடிந்தது. 1982 ஏப்ரல் 25 முதல் பல நாட்டு வீரர்கள் அடங்கிய பார்வையாளர் படை ஒன்று சினாயில் அந்த உடன்படிக்கையைக் கண்காணித்து வருகிறது.