சுரங்கமோ எண்ணெய்க் கிணறோ வந்தால் கடலூர் மக்களிடம் எப்படிக் கேட்க வேண்டும்?

கடலூர் மாவட்டத்தில் சுரங்கம் என்றாலே நெய்வேலிதான் நினைவுக்கு வரும். நான் கிள்ளையிலிருந்து தொடங்குகிறேன். அங்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டி இருளர் பழங்குடிக் குடும்பங்கள் வாழ்கின்றன. தண்ணீரில் தவழ்ந்தபடி சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அகப்பட்டதை அதற்குள் போட்டுக்கொண்டே நகர்வார்கள். அந்தத் தண்ணீருக்கு அவர்களிடம் பட்டா கிடையாது. அதனால் உரிமையும் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காட்டு நீர்நிலைகளில் மீன் முதலானவற்றை எடுப்பதைச் சமூக உரிமையாக வன உரிமைச் சட்டம், 2006 சொல்கிறது. அந்த உரிமையைப் பரிசீலித்து முடிக்கும் வரை யாரையும் அங்கிருந்து வெளியேற்றவும் முடியாது.

இந்தச் சட்டத்தின் பலம் கிராம சபையில் இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டம் வந்தபோது, கிராம சபைகள் முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது.

இந்தச் சட்டப்படி உரிமை கோர, பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்து வருவதைக் காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். சாதிச் சான்றிதழ் கையில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது இதில் புரியும். புதுச்சேரியில் இருளர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்ததே 2016 டிசம்பரில்தான். இன்னொன்று: பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அப்படிப்பட்ட பகுதியே இல்லை. மனுவில் அதை எழுதிப் பயனில்லை.

சரி, காடு இல்லாத வயல்வெளி என்றால்? அங்கே இருப்பது பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2006 இதை வரையறுக்கிறது. இதில் சம்மதம் கேட்க மாட்டார்கள், கருத்துதான் கேட்பார்கள். ஊரே எதிர்த்தாலும் அனுமதி தரச் சட்டத்தில் இடமுண்டு. நம் ஊர்களில் பலர் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். அதற்காகப் போகாமல் இருக்கக் கூடாது, போக வேண்டும்.

குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும், அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார், மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், முழுவதும் வீடியோ எடுக்கப்படும். பாதிக்கப்படும் உள்ளூர்க்காரர் யாரும் பேசலாம். குத்தகைக்காரர், கூலித் தொழிலாளி, இறால் பிடிப்பவர் என்று யாராக இருந்தாலும் பட்டா தேவையில்லை. கூட்டம் முடிவதற்குள் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், ஆட்சியர் அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். அந்த வாசிப்பு வரை உட்கார்ந்திருங்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் எழுந்து கேளுங்கள். பேசியதையே எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு 2020 ஜனவரி முதல் இந்தக் கூட்டம்கூடத் தேவையில்லை என்று மத்திய அரசு மாற்றிவிட்டது. கடல் வளத்தை நம்பி வாழ்பவர்களிடம் கேட்காமலேயே துளையிடலாம் என்பது எனக்கு ஏற்புடையதல்ல. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய நம் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் இருக்கின்றன. அங்கே புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை உண்டு. ஏற்கெனவே நடப்பவை தொடரும். 2023இல் கிழக்கு சேத்தியாத்தோப்பு பழுப்பு நிலக்கரித் தொகுதி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு நீக்கப்பட்டது.

அப்புறம், சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள், அதற்கு மேல் கிடையாது.