லாட்ஜில் முதலில் மாடிப்படிக்கு அடியில் பாருங்கள்

தீ அபாயத்தை மதிப்பிட என்னை அழைக்கும் கட்டட உரிமையாளர்கள் முதலில் காட்டுவது சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்புக் கருவியை. நான் முதலில் போவது மாடிப்படிக்கு அடியில்.

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே, காந்தி ரோட்டை ஒட்டிய சந்துகளில் லாட்ஜ்கள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்கள் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளிக்கு ஊர்ச் சாப்பாடுதான் இறங்கும். என் கவலை, பல கட்டடங்களில் எல்லா மாடிக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டு இருப்பதுதான்.

அந்தப் படிக்கு அடியில் மின் மீட்டர் பலகை, கிழிந்த மெத்தைகள், சிலிண்டர்கள் எல்லாம் இருக்கும். இப்போது சார்ஜ் ஏறும் மின் ஸ்கூட்டரும் சேர்ந்துகொண்டது. ஓரிடத்தில் ஸ்கூட்டருக்காக இழுத்திருந்த பிளக் பாயிண்டைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பழுப்பேறி, துளையின் விளிம்பு உருகி வளைந்திருந்தது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதாவது, இதே இடத்தில்.

இங்கே தீப்பிடித்தால் படிக்கட்டு புகைபோக்கி ஆகிவிடும். 2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்தது. வீட்டிலிருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். லாட்ஜில் நிலைமை இன்னும் மோசம். ஜன்னலில் கம்பி. மொட்டை மாடிக் கதவில் பூட்டு, சாவியோ கீழே மேனேஜர் மேசையில்.

எது எரியும் என்று கணக்கெடுப்பதற்கு முன்பு, யாரால் நடக்க முடியாது என்றுதான் கேட்கிறேன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மேல்மாடிக்கு வாடகை குறைவு. அதனால் கையில் காசில்லாத நோயாளி, வயிற்றுத் தையலோடு அங்கேதான் போய்ச் சேருகிறார். உரிமையாளர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதை: நடக்க முடியாதவருக்கு அதே வாடகையில் தரைத்தள அறை கொடுங்கள்.

தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்பார்கள். வண்டியின் அகலமே ஏறத்தாழ இரண்டரை மீட்டர். இருபுறமும் பைக்குகள் நிற்கும் சந்தில் அது நுழையாது. தெருமுனையிலிருந்து குழாயை இழுத்து வர வேண்டும். அதுவரை உள்ளே இருப்பவர்கள் தாங்களாகவே வெளியேற வேண்டும்.

படிக்கு அடியில் மீட்டரைத் தவிர எதுவும் வேண்டாம். ஸ்கூட்டரைத் திறந்தவெளியில் சார்ஜ் செய்யுங்கள். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டை எடுத்துவிட்டு உள்தாழ்ப்பாள் போதும். எந்தக் கதவு வழியாக வெளியேறுவது, 101-க்கு எப்படி அழைப்பது என்பதை ஒவ்வொரு அறைக் கதவின் உட்புறத்திலும் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். தமிழில் மட்டும் ஒட்டினால் அங்கே தங்கியிருப்பவர்களில் பெரும்பாலோரால் படிக்க முடியாது.